முன் இருக்கை ஒதுக்கீடு

1989-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி பத்து நிமிடம். வானம் தெளிவாக இருந்தது. செம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து காற்று வீசியிருக்க வேண்டும், வீசவில்லை. வெயில் மட்டும் தன் கடமையைக் காலந்தவறாமல் செய்துகொண்டிருந்தது. சக்கரத்தைக் கண்டுபிடித்த நாள் தொட்டு மானுட குலம் மேற்கொண்டுவந்த நெடிய முயற்சி அந்த நேரத்தில்தான் நிறைவுபெற்றது. அதாவது, எங்கள் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது.

குடும்பத்துக்கு உகந்த வாகனம் வேனே என்பது நீண்ட ஆய்வுக்குப் பின் நான் எட்டிய முடிவு. காருக்கு மூக்கு உண்டு. மூக்கில் யாரும் உட்கார முடியாது. காருக்கு வாலும் உண்டு. அதில் பெட்டிதான் உட்காரும். ஸ்கூட்டரைப் பற்றிப் பேசுவது நேர விரயம். வேனோ முழுவதும் இடம். ஒரு கூடத்தைச் சுவரோடு பெயர்த்துச் சக்கரத்தின்மேல் வைத்தாற்போன்ற அந்த அடக்கமான தோற்றத்தை நான் இன்றளவும் போற்றுகிறேன்.

வாங்கியதற்கு ஒரு காரணமும் இருந்தது. அது என் மனைவி ஞானாம்பாளின் இடது முழங்கால். அவள் பீர்க்கன்கரணையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியை. பஸ் படி ஏறக் கூடாது, முட்டியை மடக்கி உட்காரக் கூடாது, முன் சீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து போகலாம் என்று தாம்பரத்து எலும்பு மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே வேன் வாங்கினோம். பணம் ஞானாம்பாளுடையது, தேர்வு என்னுடையது. வண்டி அவள் பெயரில் பதிவாயிற்று. நிறம் என் விருப்பப்படி அமைந்தது. இல்லறம் என்பது இத்தகைய வேலைப் பங்கீடுதான். இருவருக்கும் ஓட்டத் தெரியாதாகையால், ஊர்க்காரனான கேசவன் ஓட்டுநராக நியமிக்கப்பட்டான்.

சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. கற்பூரம் அணைந்தது. ஞானாம்பாள் புதுப்புடவையோடு முன் கதவைத் திறந்தாள். அந்தத் தருணத்தில்தான் எங்கள் நகரின் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் திரு. தோத்தாத்ரி, குடையை ஊன்றியபடி வந்து சேர்ந்தார்.

தோத்தாத்ரி எங்கும் பின்னால் உட்கார்ந்தவரல்லர். கல்யாணத்தில் முதல் பந்தி, கச்சேரியில் முதல் வரிசை, துக்க வீட்டில் முதல் நாற்காலி. ‘தலைவர்’ என்பது அவருக்குப் பதவியன்று, உட்காரும் இடம்.

“முதல் சவாரியா? பேஷ். முன்னாடி ஒரு மனுஷன் உட்கார்ந்தாத்தான் ஓய் அது குடும்ப வண்டி. இல்லேன்னா சரக்கு வண்டி” என்று சொல்லி, ஞானாம்பாள் திறந்து வைத்திருந்த கதவின் வழியே ஏறி அமர்ந்தார்.

பெரியவரை எழுந்திருக்கச் சொல்வது நம் மரபில் இல்லை. “பின்னாலே தாராளமா இடம் இருக்கு” என்று மனைவியிடம் சொன்னேன். அது உண்மையும்கூட.

“இடம் இருக்கு. முட்டி மடங்கணுமே” என்றாள் ஞானாம்பாள். அன்று அவள் வரவில்லை. வேன் பெருங்களத்தூர் வரை சென்று வெற்றியுடன் திரும்பியது.

முதல் நாள் நிகழ்ந்தது, இரண்டாம் நாள் வழக்கமாயிற்று. மூன்றாம் நாள் உரிமையாயிற்று. காலையில் என்னைத் தாம்பரம் ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, ஞானாம்பாளைப் பள்ளியில் விட வேண்டும் என்பதே வேனின் பயணத்திட்டம். தெருமுனையில் தோத்தாத்ரி நின்றிருப்பார். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது அவருடைய ‘அன்றாட அலுவல்’. அவர் முன்னால் ஏறுவார். நான் பின்னால் ஏறுவேன். ஞானாம்பாள் பஸ் நிறுத்தத்துக்கு நடப்பாள். வேன் அவளைக் கடந்து செல்லும்போது நான் கையசைக்கத் தவறியதே இல்லை.

கேசவனுக்கு நிர்வாகம் புரியாது. ஒருநாள் ஸ்டேஷன் வாசலில் தலைவர் இறங்கிப் போனதும் கேட்டான்:

“சார், பெர்சு பின்னாடி குந்தினா இன்னா சார்? அம்மா அங்க நின்னுகினு கீது, நாம காலி வண்டிய ஓட்டிகினு தாண்டிப் போறோம். எனுக்கே பேஜாரா கீது.”

“காலி வண்டியல்ல, கேசவா. தலைவர் இருக்கிறார், நான் இருக்கிறேன்.”

“அத்தத்தான் சார் நானும் சொல்றேன்” என்றான்.

ஜூலை மாதத்தில் மருத்துவரிடம் போய்விட்டு வந்த ஞானாம்பாள், நான் மாலைக் காப்பி குடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள்.

“டாக்டர் சொல்லிட்டார். இப்படியே பஸ் ஏறி எறங்கிண்டிருந்தா பொங்கலுக்கு மேலே வேலையை விட்டுட வேண்டியதுதானாம்.”

“அதற்காகத்தானே வேன் வாங்கியிருக்கிறோம்?”

“வாங்கியிருக்கோம், தெரியும். தினம் பாக்கறேனே, பஸ் ஸ்டாப்பிலேர்ந்து.” அவள் டம்ளரை எடுத்துக்கொண்டாள். “அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன்.”

ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய விஷயமா இது? நான் ஓர் அரசுத் துறையில் கண்காணிப்பாளர். எந்தப் பிரச்சினையையும் பேசித் தீர்ப்பது நாகரிகமற்ற செயல் என்பது என் பணியனுபவம். முறைப்படி அணுகினால் பிரச்சினை தீராவிட்டாலும் கௌரவம் அடையும். ஆகவே அன்றிரவே ‘முன் இருக்கை ஒதுக்கீட்டுக் குழு’வை அமைத்தேன். தலைவர் தோத்தாத்ரி, முன் இருக்கையைப் பற்றி அவரைவிட அறிந்தவர் யாருமில்லை. செயலர் நான். மகளிர் பிரதிநிதி, தலைவரின் துணைவியார் சாவித்ரி. ஞானாம்பாள் மனுதாரராகையால் உறுப்பினராக இயலவில்லை, நடுநிலைமை கெடும். எனினும் கூட்டத்துக்குக் காப்பி கொண்டுவரும் பொறுப்பு அவளிடம் ஒப்படைக்கப்பட்டது.

முதல் கூட்டம், ‘முன் இருக்கை’ என்றால் என்ன என்பதை வரையறுப்பதில் முனைந்தது. சிறப்பு அழைப்பாளனாகக் கேசவன் வாசற்படியில் நின்றான்.

“நான் குந்துறதும் முன் சீட்டுதானே சார்? அப்ப அதுக்கும் நான் மனு போடணுமா?”

இக்கேள்வியை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஓட்டுநர் இருக்கை ‘தற்காலிகமாக’ கேசவனுக்கே அனுமதிக்கப்பட்டது. அடுத்துச் சாவித்ரி அம்மாளின் கருத்து கேட்கப்பட்டது.

“எனக்கென்ன தெரியும்? கல்யாணம் ஆன நாளா டாக்ஸியோ குதிரை வண்டியோ, நான் பின்னாடிதான். முன்னாடி உட்கார்ந்தா எப்படி இருக்கும்னே தெரியாது” என்றார் அவர்.

உறுப்பினருக்கு முன் அனுபவம் இல்லாமையால் கருத்து ஏற்கப்படவில்லை என்று நடவடிக்கைக் குறிப்பில் பதிந்தேன். காப்பி நன்றாக இருந்ததும் பதியப்பட்டது.

இரண்டாம் கூட்டம் களஆய்வாக நடைபெற்றது. வேனை வேப்ப மரத்தடியில் நிறுத்தி, குழு ஒவ்வோர் இருக்கையிலும் அமர்ந்து பார்த்தது. பின் இருக்கையில் அமராமலே அதன் வசதியைத் தலைவர் உறுதி செய்தார். முன் இருக்கையில் அவர் நெடுநேரம் கண்மூடி ஆராய்ந்தார். பின்னர், “ரோடு நேரே முகத்துக்கு வரது ஓய். பொம்மனாட்டிகளுக்கு மயக்கம் வரும்” என்று அறிக்கை அளித்தார். மயக்கம் வருமா என்று மனுதாரரிடம் கேட்கலாமென எண்ணினேன். அவள் அப்போது பள்ளியில் சிறப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள், பஸ்ஸில் போயிருந்தாள்.

ஆகஸ்டு இறுதியில் ஒரு மழைக்காலை. எங்களை ஸ்டேஷனில் இறக்கிவிட்டபின் வேனைப் பள்ளிப் பக்கம் கொண்டுபோயிருந்த கேசவன், மாலையில் என்னிடம் வந்தான்.

“சார், அம்மா பஸ்ஸுல எறங்கச் சொல்லோ கால் மடங்கி வுழப் பாத்துச்சு. கண்டக்டர்தான் கைய புட்சிகினான். இல்லாங்காட்டி ரோட்டுல வுழுந்திருக்கும். வூட்ல சொல்லாதடான்னு சொல்லிச்சு. நான் சொல்லிட்டேன்.”

நான் கலங்கிப்போனேன். உடனடியாக மூன்றாம் கூட்டத்தைக் கூட்டினேன். முகமறியா அந்த நடத்துநருக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தலைவர் எழுந்து நின்றே வழிமொழிந்தார்; கூட்டங்களில் அவர் எழுந்து நின்று நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். உணர்ச்சி மேலிட்டமையால் மற்ற பொருள்கள் ஒத்திவைக்கப்பட்டன.

அன்று காப்பி வரவில்லை. உள்ளே சென்று பார்த்தேன். ஞானாம்பாள் முட்டியில் வெந்நீர் ஒத்தடம் கொடுத்தபடி விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

“தீர்மானம் ஆயிடுத்தா?” என்று தலைநிமிராமல் கேட்டாள்.

“ஒன்று ஆயிற்று. உன்னுடையது அடுத்தது.”

“சரி” என்று சொல்லி, ஒரு தாளில் பெரிய சுழியம் போட்டாள்.

முடிவை எழுதும் பணி எனக்கு வந்தது. ஒருவர் மனமும் நோகாமல், ஒரு சொல்லும் மிகாமல், நீதியும் மரியாதையும் ஒரே வாக்கியத்தில் குடித்தனம் செய்யும்படி எழுதுவது எளிதன்று. எழுதினேன், அடித்தேன், மீண்டும் எழுதினேன். அலுவலகத் தட்டச்சரைக் கொண்டு நல்ல தாளில் அடிப்பித்தேன். தலைவர் கையொப்பமிட்டார். நானும் இட்டேன். மூன்றே பிரிவுகள்:

1. வேனின் முன் இருக்கை, கொள்கையளவில், திருமதி ஞானாம்பாளுக்கு ஒதுக்கப்படுகிறது.

2. மரியாதைக்குரியவர் எவரேனும் பயணம் செய்யும் நாள்களில் முதற்பிரிவு செயற்படாது.

3. ஒரு குறிப்பிட்ட நாளில் மரியாதைக்குரியவர் உள்ளாரா என்பதில் வாகன உரிமையாளரின் முடிவே இறுதியானது.

இப்படியொரு வாசகத்தை என் துறையில் இதுவரை எவரும் எழுதியதில்லை என்று தன்னடக்கத்தோடு கூறிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 18-ஆம் நாள், திங்கட்கிழமை, காலை ஏழரை மணி. தூறல். தெருவெங்கும் செம்மண் குழம்பு. தலைவர் அன்று தெருமுனையில் நில்லாமல் நேரே வாசலுக்கே வந்துவிட்டார், ஆணை வழங்கும் விழா நாளல்லவா. ஒரு கையில் குடை, மறு கை வேனின் முன் கதவில். ஞானாம்பாள் கைப்பையும் குடையுமாகப் பஸ்ஸுக்குப் புறப்பட்டு வெளியே வந்தாள். நான் ஆணையை இரு கைகளாலும் நீட்டினேன்.

“உன் மனு ஏற்கப்பட்டது” என்றேன்.

அவள் அங்கேயே நின்று படித்தாள். விடைத்தாளைப் படிப்பதுபோல் இருமுறை படித்தாள்.

“மரியாதைக்குரியவர்னா யாரு?”

“அது அந்தந்த நாளின் நிலைமையைப் பொறுத்தது.”

“உரிமையாளர் தீர்மானிப்பார்னு போட்டிருக்கே.”

“ஆம். அவருடைய முடிவே இறுதி. மேல்முறையீடு இல்லை.”

“உரிமையாளர் யாரு?”

அந்தச் சொல்லை எழுதும்போது என் மனக்கண்ணில் நின்றவர் நான். அதைச் சொல்ல வாயெடுத்தேன். ஓட்டுநர் இருக்கையிலிருந்து, கருத்துக் கேட்கப்படாத ஒரு குரல் முந்திக்கொண்டது.

“வண்டி அம்மா பேர்லதான சார் கீது?”

தூறல் சற்று வலுத்தது. ஞானாம்பாள் தலைவரைப் பார்த்தாள். ஒரு காலைத் தூக்கி வேனில் வைத்திருந்தார். பிறகு என்னைப் பார்த்தாள். அவசரமில்லாத பார்வை, இருவரையும் தனித்தனியே மதிப்பிட்டுக் கூட்டிப் பார்க்கும் கணக்கு ஆசிரியையின் பார்வை. என் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். கைப்பையின்மேல் தாளை வைத்து ஒரு வரி எழுதிக் கையொப்பமிட்டாள்.

“மாமா, காலைக் கொஞ்சம் எடுங்கோ” என்றாள். தோத்தாத்ரி எடுத்தார். எதனால் எடுத்தார் என்பது அவருக்கும் தெரிந்ததாகத் தோன்றவில்லை.

அவள் ஏறினாள். முன் இருக்கையில் அமர்ந்தாள். இடது காலை மெல்ல நீட்டிக்கொண்டாள். கேசவன் அவள் பக்கத்துக் கண்ணாடியில் படிந்திருந்த நீரைக் கையை நீட்டித் துடைத்தான். இஞ்சின் உறுமியது. ஜன்னல் வழியே ஆணையும் பேனாவும் என்னிடம் ஒப்படைக்கப்பட்டன. வேன் நகர்ந்தது. தெருமுனை திரும்பும்போது ஒரு கை வெளியே வந்து அசைந்தது.

“என்ன ஓய் எழுதியிருக்கா?” என்றார் தோத்தாத்ரி, குடையை விரிக்க மறந்து.

செயலர் என்ற முறையில் உரக்க வாசித்தேன்:

“ஆணையைப் பெற்றுக்கொண்டேன். இன்று மரியாதைக்குரியவர் எவரும் இல்லை.”