தஹ்ஸீன் இருக்கும் ஹோட்டலில் ஏசி ஜாஸ்தி

அன்பு மச்சான் உஸைர் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் என் மூன்று ஸ்வெட்டர்களும் நலம். ஹூஸ்டனில் தாங்களும் மச்சியும் பிள்ளைகளும் நலமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே போன் நாலு நிமிஷத்துக்கு மேல் நிற்பதில்லை, அதனால்தான் இமெயில்.

நீங்கள் பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளையின் வாப்பா ஜுஹைர் பாயிடம், தஹ்ஸீன் கம்பெனி ட்ரெயினிங்கில் இருக்கிறாள் என்று சொல்லியிருந்தேனே, அது பொய். உங்கள் தங்கச்சி மகள் கலிபோர்னியாவில், மில்பிடாஸ் கம்பெனி வேலையை ஜனவரியிலேயே விட்டுவிட்டாள். அலாஸ்காவின் வடகோடியில், ரோடே போகாத, நூற்றுப் பத்துப் பேர் இருக்கிற ஒரு கிராமத்தில், ஊர்க்காரர்களுக்கு டாகுமெண்டரி எடுக்கச் சொல்லிக்கொடுக்கிறாள். "கையோட கூட்டிட்டு வாங்க" என்று உங்கள் தங்கச்சி அமீனா என்னை அனுப்பினாள். அவளுக்கும் சேர்த்துத் திரும்புகிற டிக்கெட் எடுத்துக்கொண்டு மூன்று விமானம் மாறி வந்து இறங்கினேன். அன்றைக்கே பனிப்புயல். ஏழு நாளாக விமானம் இல்லை.

தங்குவது பள்ளிக்கூடத்தில், வகுப்பும் அங்கேயே என்பதால் நானும் போய் உட்கார்ந்தேன். போஸ்ட் ஆபீஸ் பார்க்கும் மார்த்தா என்ற அம்மா, பனிக்கட்டியில் துளை போட்டு மீன் பிடிப்பதை நாற்பது நிமிஷம் எடுத்து வந்தார், அதில் முப்பத்தெட்டு நிமிஷம் மீன் வரவில்லை, எல்லாரும் பிரமாதம் என்கிறார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? நம்ம கல்யாண வீடியோ மாதிரி எல்லாரையும் கேமராவைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லுங்க, சாப்பிடறப்போ ஒவ்வொரு தட்டா எடுங்க என்றேன். "வாப்பா, ப்ளீஸ், ஜஸ்ட் வாட்ச்" என்றாள் தஹ்ஸீன். வேலையை விட்டதற்கு நான் சத்தம் போட்டதிலிருந்து அவள் என்னோடு பேசுவது நாளுக்கு அவ்வளவுதான், அதுவும் இங்கிலீஷில்.

அப்புறம் ஊருக்குப் புதியவர் ஒருவரைப் படமெடுக்கச் சொல்லி வீட்டுப்பாடம். புதியவன் நான் ஒருத்தன்தான். நான் மாசிக் கருவாட்டுச் சம்பல் வைத்துச் சோறு சாப்பிடுவது, ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போடுவது, ஜுஹைர் பாயிடம் போனில் "ட்ரெயினிங் நல்லா போவுது பாய், ஹோட்டல்ல ஏசிதான் கொஞ்சம் ஜாஸ்தியாம்" என்பது, எல்லாவற்றையும் மார்த்தா எடுத்தார். உங்க பாஷையிலேயே ஏதாவது சொல்லுங்கள் என்றார். சொன்னேன். இங்கே யாருக்குப் புரியப்போகிறது?

ஆகவே மச்சான், வெள்ளிக்கிழமை ஜுஹைர் பாய் உங்க வீட்டுக்கு வரும்போது ட்ரெயினிங்கையே கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். சந்தேகமே வராது. ஃபஜ்ர் தொழுதுவிட்டு தினமும் அறுபத்துநாலு பேருக்கு நான் அனுப்பும் வீடியோக்கள்கூட நிற்காமல் அவருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. நல்ல சம்பந்தம், கை நழுவிப்போனால் இந்தப் பிள்ளை தனியாக நின்றுவிடுவாளோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

மச்சிக்கு ஸலாம், பிள்ளைகளுக்கு துஆ, உங்களுக்கு என் அவசரம் கலந்த அன்பு.

தங்கள் மச்சான்,
கமால்

பி.கு.: வெள்ளிக்கிழமை எதுவும் சொல்ல வேண்டாம். இன்று காலையும் வழக்கம்போல, வந்திருந்த வீடியோக்களைத் திறந்து பார்க்காமலே அறுபத்துநாலு பேருக்கும் தட்டிவிட்டேன். அதில் ஒன்று மார்த்தா என்னை எடுத்து எனக்கு அனுப்பியிருந்த படம். நான் ஏசி பற்றிப் பேசும்போது பின்னால் பாதி ஜன்னலுக்குப் பனி. கீழே இங்கிலீஷில் எழுத்து வேறு. கடைசியில் நான் தமிழில் சொன்னது வருகிறது: "எம்புள்ள பாடம் நடத்துறதப் பாத்தேன். நான் இருபத்தெட்டு வருஷம் வேலை பாத்தேன், ஒருநாள்கூட இவ்ளோ சந்தோஷமா இருந்ததில்ல. அவகிட்ட சொல்லிடாதீங்க, அப்புறம் வீட்டுக்கே வரமாட்டா." அதையும் உட்கார்ந்து இங்கிலீஷில் எழுதிப் போட்டவள் தஹ்ஸீன்தான், இந்த ஊரில் வேறு யாருக்குத் தமிழ் தெரியும்? சற்று முன் வந்து, "வாப்பா, டீ போடவா?" என்று தமிழில் கேட்டாள்.

ஜுஹைர் பாயிடமிருந்து ஒரே ஒரு பதில்: "ஏசிய கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்க, புள்ளைக்குச் சளி புடிச்சிடும்." புயல் நின்றுவிட்டது. நாளை விமானம் வருகிறதாம். அவளுடைய டிக்கெட்டை கேன்சல் பண்ணிவிட்டேன்.