வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த பின்னூட்டங்கள்

முப்பத்தோராண்டுகள் கல்லூரியில் தாவரவியல் கற்பித்தவன் நான். என் வகுப்பில் தும்முவதற்குக்கூட அனுமதி கேட்பார்கள். இனி சொல்லப்போகும் நிகழ்ச்சிக்கு முன் என் மதிப்பு இதுவே என்பதை முதலில் பதிவு செய்துவிடுகிறேன்.

ஓய்வுக்குப்பின் மன்னார்குடியில் இருந்தபடி ஒரு வலைப்பூ தொடங்கினேன். வாய்க்கால்களை அடைக்கும் ஆகாயத்தாமரை பற்றி ஏழு கட்டுரைகள். ஒரு பின்னூட்டமும் இல்லை. (அந்த அமைதியை மரியாதை என்றே எடுத்துக்கொண்டேன்.) ஆனால் தஞ்சாவூர்ச் சம்பந்தி தம் வலைப்பூவில் ரசப்பொடி பற்றி எழுதினாலே முப்பது பேர் பேசுகிறார்கள். அவர் ஞாயிறன்று வருவதாக இருந்தது. அவரிடம் தொலைபேசியில், "என் பக்கத்தில் விவாதம் அனல் பறக்கிறது" என்று வேறு சொல்லியிருந்தேன்.

"கூப்பிட்டாத்தானேங்க வருவாங்க?" என்றாள் மனைவி சரோஜா. "நேர்ல போய் அழைக்காம நம்ம சனம் எந்த விசேஷத்துக்கு வந்திருக்கு?"

அவள் கேலி செய்தாள் என்பது பிறகுதான் விளங்கியது. தட்டில் வெற்றிலை பாக்கு, வலைப்பூ முகவரி எழுதிய சீட்டு சகிதம் பதினான்கு வீடு ஏறி இறங்கினேன். "குடும்பத்தோட வந்து கருத்து சொல்லணும்" என்று கைகூப்பினேன். சித்தப்பா மகன் ராமமூர்த்திக்கு முன்பாக அவன் தம்பி வீட்டுக்குப் போனது மட்டும் பிழை. (அது வழியில் இருந்தது.)

ஞாயிறு காலை சம்பந்தி கைப்பேசியைத் திறந்தார். ஐம்பத்திரண்டு பின்னூட்டங்கள்! நான் நிமிர்ந்து அமர்ந்தேன். அவர் உரக்கப் படித்தார்.

"விழா சிறக்க வாழ்த்துகள். குடும்பத்துடன் கலந்துகொண்டோம்."

"மூத்தவன் நான் இருக்கேன், தம்பிக்கு மொத வெத்தல. இந்தக் கட்டுரைக்கு நான் வரல. இப்படிக்கு ராமமூர்த்தி."

"வரலன்னு சொல்லவே வந்துட்டீங்களேண்ணே!"

"பந்தி எத்தன மணிக்கு?"

என் முகம் போன இடம் தெரியவில்லை. சம்பந்தியோ கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, என் எதிரிலேயே ஐம்பத்து மூன்றாவதைத் தட்டினார்: "பொண்ணு குடுத்த வீட்டுக்கே அழைப்பு இல்ல!"

அன்று மாலையே நானும் சம்பந்தியுமாகத் தட்டோடு போய் ராமமூர்த்தியைச் சமாதானப்படுத்தினோம். இரவுக்குள் எழுதிவிட்டான்: "எங்க வாய்க்கால்ல இந்த ஆகாயத்தாமரைய மெஷின் வச்சு வாரினாலும் மறுபடி மண்டிருது. என்னதான் பண்றதுண்ணே?"

அதற்கு நான் மூன்று பக்கம் பதில் எழுதினேன். அவன் மறுத்தான், தம்பி அவனை மறுத்தான், சம்பந்தி இருவரையும் மறுத்தார். அந்த விவாதம் இன்றும் நடக்கிறது.

நான் நாயனம் வைத்து ஊர்வலமாகப் போய் அழைத்ததாக உறவினர்கள் ஒவ்வொரு கல்யாணத்திலும் சொல்கிறார்கள். நாயனம் வைக்கவில்லை.