செவ்வாய் வண்டிக்கும் எனக்கும் ஒரே வேலை

நின்று போன கட்டடம்,
மண்டி மொஹல்லா, மைசூர்.

பாசமுள்ள பாப்பம்மாளுக்கு, உன் வீட்டுக்காரன் அய்யாவு தன் கையாலேயே எழுதும் முதல் கடிதம். கோபிநத்தத்தில் நீயும் ஆடுகளும் சுகமென்று நம்புகிறேன். பேத்தி அனுப்ரியா, பாட்டிக்கு நிறுத்திப் படித்துக் காட்டு. தாத்தா இங்கே முதியோருக்கான ஞாயிறு வகுப்பில் கற்ற எழுத்து, சிரிக்காதே.

போனில் நீ, "கட்டடமே நின்னு போச்சு, மேஸ்திரியும் போயாச்சு. நீங்க எதைக் காவல் காக்கறீங்க? செங்கல்லு எந்திரிச்சு நடந்துக்குமாக்கும்? பேசாம ஊட்டுக்கு வந்து சேருங்க" என்று கத்தினாய். எப்படி வருவேன்? சூப்பர்வைசர் மஞ்சுநாத் கடைசியாக வந்தபோது, "தாத்தா, தினா காலைல ஒரு செல்ஃபி அனுப்பு. முகமும் தெரியணும், பின்னாடி பில்டிங்கும் தெரியணும். இல்லாட்டி ஆப்சென்ட், அஷ்டே, அவ்ளோதான். சும்மா போன் பண்ணாதே" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். ஆப்சென்ட் விழுந்தால் வேலை போச்சு, இந்த வயதில் வேறு யார் கொடுப்பார்கள்? அன்றிலிருந்து அனுப்புகிறேன், முதலில் என் காது மட்டும் வந்தது, பிறகு பில்டிங் வந்தது நான் வரவில்லை, இரண்டும் வரட்டுமென்று பின்னால் நகர்ந்து ஜல்லிக் குவியலில் விழுந்தேன், மழையில் போன் தண்ணீர்த் தொட்டிக்குள் போயிற்று, அது உலரட்டுமென்று இருந்த அரிசியில் புதைத்து வைத்து அன்று பட்டினி கிடந்தேன். மஞ்சுநாத்திடமிருந்து ஒரு வார்த்தை இல்லை.

நேற்று வடை மடித்துக் கொடுத்த பேப்பரை நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன், பாப்பம்மா, நானே! செவ்வாய்க் கிரகத்தில் ஒரு வண்டி தனியாக இருக்கிறதாம். ஆள் கிடையாது, சுற்றிலும் செம்மண். அது தன் நீட்டுக் கையால் தன்னையே துண்டு துண்டாகப் படமெடுத்து அனுப்ப, பூமியில் ஆபீசில் ஒட்டிச் சேர்த்து, சக்கரம் தேய்ந்ததா, தூசி எவ்வளவு படிந்தது என்று பார்க்கிறார்களாம். அதற்கும் யாரோ ஒரு மஞ்சுநாத் ஆப்சென்ட் போடுகிறான் என்று விழுந்து விழுந்து சிரித்தேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அதன் மேல் படிந்த தூசியைக்கூடப் பார்க்க ஆள் இருக்கிறது. என் படத்தை யார் திறந்து பார்க்கிறார்கள்? ஆனாலும் அனுப்பாவிட்டால் நான் இங்கே இருந்தேன் என்று யார் சொல்வது? ஆகையால் என்னை வரச் சொல்லாதே.

உனக்கும் பேத்திக்கும் மாதேஸ்வரன் துணை.

அய்யாவு

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் என் படத்துக்குப் போனில் பதில் வந்தது. ஒரு பெண் பேசி அனுப்பியிருக்கிறாள்: "தாத்தா, நான் ஸ்நேஹா. இது இப்போ என் நம்பர், மஞ்சுநாத் யாருன்னே எனக்குத் தெரியாது. ஆனா உங்க போட்டோ தினா பாக்கறேன். ரெண்டு நாளா கண்ணெல்லாம் வீங்கியிருக்கே, காய்ச்சலா? வீட்ல யாரும் இல்லையா உங்களுக்கு?" இத்தனை நாளும் படம் மஞ்சுநாத்துக்குப் போகவே இல்லை; வீட்டில் நீ இருக்கிறாய். கட்டடத்துச் சாவியைப் பக்கத்துக் கடையில் கொடுத்துவிட்டேன். நாளைக் காலை பஸ். இந்தக் கடிதத்துக்கு முன்னால் நான் வந்துவிடுவேன். தபால்காரர் கொண்டு வந்ததும் நானே உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.