மேனேஜரின் மாப்பிள்ளை

கிளப் வாசலில் தொங்கிய கரும்பலகையைச் சங்கரலிங்கம் மூன்றாவது தடவையாகப் படித்தார். மூன்றாவது தடவையும் அதே பெயர்தான் இருந்தது.

'மேனேஜர் சுப்புராஜ் அவர்களுக்கு மஞ்சள் காமாலை. அவர் குணமாகி வரும்வரை நமது பூப்பந்து அணியின் தற்காலிக மேனேஜராக ஸ்ரீவில்லிபுத்தூர் சீனிச்சாமி அவர்கள் இருப்பார்கள். இப்படிக்கு, காளிராஜ், செயலாளர்.'

"எந்தச் சீனிச்சாமி?" என்று பலகையிடமே கேட்டார்.

"கோர்ட்டுல டைப் அடிக்கிற சீனிச்சாமி" என்றார் பின்னால் நின்ற குருசாமி. "செவப்புக் கொடி காட்டின சீனிச்சாமி. உம்ம மச்சான் சீனிச்சாமி."

குருசாமி கிளப்புக்கு எதிரே டீக்கடை வைத்திருந்தார். ரசிகர் மன்றத்துக்குத் தலைவர். சங்கரலிங்கம் பேண்டேஜ் துணி கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனைப் பார்த்துக்கொண்டார். மன்றத்துக்குத் துணைச் செயலாளர். இரண்டு பேரும் வாழ்க்கையில் மட்டையைத் தொட்டதில்லை. ஆனால் ஆட்டத்தைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் கிடையாது.

சிவப்புக் கொடி விவகாரம் எண்பத்தொன்றில் நடந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இறுதி ஆட்டம். நமக்கு ஒரே ஒரு பாயிண்ட் பாக்கி. அடித்த பந்து கோட்டின் மேல் விழுந்ததை ஊரே பார்த்தது. கோட்டோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த சீனிச்சாமி மட்டும் அது வெளியே விழுந்ததாகக் கொடியைத் தூக்கினார். கோப்பை ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனது.

அவர் தன் மனைவியின் அண்ணன் என்பதைச் சங்கரலிங்கம் ஆறு வருஷமாக எச்சரிக்கையாகக் கையாண்டு வந்தார். தீபாவளிக்கு மச்சான் வீட்டுக்குப் போய்விட்டு வந்தால்கூட, ஆண்டாளைச் சேவிக்கப் போனதாகத்தான் டீக்கடையில் சொல்வார்.

இப்போது டீக்கடையே அவரைத் திரும்பிப் பார்த்தது.

"எதுக்குப் பாக்கீங்க?" என்றார். "நான்தான் மொத ஆளா எதுப்பேன். எழுதுங்க சுவத்துல."

"யாரு சுவத்துல?" என்றார் குருசாமி.

"என் வீட்டுச் சுவத்துலயே எழுதுங்கடே."

சொல்லிவிட்டு, ஊரே தன்னை மெச்சும் நினைப்பில் வீட்டுக்குப் போனார்.

வீட்டுக் கூடத்தில் ஒரு தலையணையும் பையும் கிடந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் சீனிச்சாமி உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பரிபூரணம் அண்ணனுக்கு விசிறிக்கொண்டிருந்தாள்.

"வாங்க மாப்பிள்ளை" என்று வீட்டுக்காரரை வரவேற்றார் சீனிச்சாமி. "கோர்ட்டுக்கு மே மாசம் லீவு. காளிராஜ் வீடு தேடி வந்து கூப்பிட்டாரு. எனக்கு என்ன தெரியும்னேன். நீங்க சும்மா வந்து உக்காந்தாப் போதும்னாரு. தெனம் பஸ்ல வந்து போறதுக்கு, தங்கச்சி வீடு இருக்கே."

சங்கரலிங்கம் நேரே பானைக்குப் போய்த் தண்ணீர் குடித்தார்.

மறுநாள் காலை வெளியே வந்தபோது மன்றத்துக்காரர்கள் வேலையை முடித்திருந்தார்கள். காம்பவுண்டுச் சுவர் முழுக்க ஆள் உயர எழுத்தில் 'சீனிச்சாமியே வெளியேரு' என்று கரியால் எழுதியிருந்தது. அதன் முன்னால் பல்லில் பிரஷ்ஷோடு சீனிச்சாமி நின்றார்.

"மச்சான், அது வந்து..."

"வல்லின று போடணும் மாப்பிள்ளை" என்றார் சீனிச்சாமி. "இப்படி எழுதிக் கோர்ட்டுக்கு வந்தா திருப்பி அனுப்பிருவாக." கீழே கிடந்த கரித்துண்டை எடுத்து, அந்த ஓர் எழுத்தைத் தன் கையாலேயே திருத்தினார். கோபமே இல்லாத மனுசன். அதுதான் சங்கரலிங்கத்துக்குத் தாங்கவில்லை.

பரிபூரணம் அப்படி இல்லை. சுவரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், உள்ளே போனாள். அன்று காபி வரவில்லை. மத்தியானம் சாப்பிட வந்தால் அடுப்பில் ஈரத்துணி கிடந்தது.

"எங்க அண்ணன் பேரு அந்தச் சுவத்துல இருக்குற வரைக்கும் இந்த அடுப்பு எரியாது" என்றாள்.

சங்கரலிங்கம் ஒரு வாளி சுண்ணாம்பைக் கரைத்து, தானே சுவரை வெள்ளையடித்தார். பாதி அடிக்கும்போதே சைக்கிளில் வந்த குருசாமி காலை ஊன்றி நின்றார்.

"ஏம்யா, ராத்திரி மச்சானுக்குச் சோறு, பகல்ல சுவத்துக்குச் சுண்ணாம்பா?"

"இல்ல குருசாமி, வீட்டுல..."

"அம்புட்டுத்தான். புரிஞ்சுபோச்சு" என்று மிதித்துக்கொண்டு போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் டீக்கடையில் தீர்ப்பாகிவிட்டது. சங்கரலிங்கம்தான் உள்ளேயிருந்து வேலை பார்த்து மச்சானை மேனேஜர் ஆக்கியிருக்கிறார். சீனிச்சாமி சும்மா பொம்மை. அணியை நடத்தப் போவது சங்கரலிங்கம்.

அந்தப் பழியைத் துடைக்க ஒரே வழிதான் தெரிந்தது. சனிக்கிழமை ஆட்டத்தில் ஊரிலேயே சத்தமாக மச்சானைத் திட்டிவிட வேண்டும்.

சனிக்கிழமை சேத்தூர் அணியோடு ஆட்டம். கூட்டம் கயிற்றைத் தாண்டி வழிந்தது. கறுப்புத் துணி கட்டிய கம்புகளோடு ஒரு கூட்டம், தகரத்தைத் தட்டிக்கொண்டு இன்னொரு கூட்டம். முதல் ஆட்டத்தைச் சேத்தூர் எடுத்தது. இரண்டாவதிலும் நமக்கு ஆறு பாயிண்ட் பின்னடைவு. சீனிச்சாமி குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

சங்கரலிங்கம் எழுந்தார். கையைக் குவித்து அடிவயிற்றிலிருந்து கத்தினார்.

"யோவ் மேனேஜர். கண்ணு அவிஞ்சு போச்சாய்யா? எடது பின்பக்கம் ஆளே இல்லாமத் தொறந்து கெடக்கு, தெரியலையா?"

கூட்டம் ஆர்ப்பரித்தது. சீனிச்சாமி குடையை மடக்கினார். திரும்பி, காதில் கை வைத்துக் கேட்டார்.

"எந்தப் பக்கம் மாப்பிள்ளை?"

"எடது பக்கம்யா."

"சரி மாப்பிள்ளை" என்று சொல்லி, நடுவில் நின்றவனை இடது பின்பக்கத்துக்கு மாற்றினார். அடுத்த எட்டுப் பாயிண்டும் வரிசையாக நமக்கு. அந்த ஆட்டமும் நமக்கு, மூன்றாவதும் நமக்கு.

ஜெயித்த மைதானத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. அறுநூறு பேரும் சங்கரலிங்கத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"நான் சொன்னேன்லா?" என்றார் குருசாமி. "அவன் கேக்கான், இவரு சொல்லுதாரு. எம்புட்டுத் தைரியம் பாருங்க, ஊரு முன்னாலயே நடத்துதாங்க."

அடுத்த ஆட்டம் சோழபுரத்தோடு. இந்தத் தடவை ஒரு வார்த்தை பேசக் கூடாது என்று சங்கரலிங்கம் துண்டால் வாயைச் சுற்றிக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தார். அது வினையாகப் போனது. ஒவ்வொரு பாயிண்டுக்கும் சீனிச்சாமி எழுந்து நின்று மாப்பிள்ளை எங்கே என்று தேடினார். கண்டுபிடித்ததும், ஏதாவது சொல்ல மாட்டாரா என்று பார்த்தார். கூட்டமும் பந்தை விட்டுவிட்டுச் சங்கரலிங்கத்தைப் பார்த்தது.

'என்னைப் பாக்காதீங்க' என்ற அர்த்தத்தில் சங்கரலிங்கம் வேகமாகத் தலையை ஆட்டினார்.

சீனிச்சாமிக்குப் புரிந்துவிட்டது. அந்த நேரம் சர்வீஸ் போட நின்றவன் நம் அணியின் நல்ல ஆட்டக்காரன். இவன் வேண்டாம் என்று மாப்பிள்ளை சொல்லுகிறார் என எடுத்துக்கொண்டு அவனை வெளியே உட்கார வைத்தார். சோழபுரம் இரண்டு ஆட்டத்தையும் சுருட்டிக்கொண்டு போனது.

அன்றிலிருந்து ஒரு சின்ன மாற்றம். "சீனிச்சாமி ஒழிக" என்று கத்தினவர்கள் "சங்கரலிங்கம் ஒழிக" என்று கத்தினார்கள். கம்பெனியில் பேக்கிங் மேஜையில் யாரோ சாக்பீஸால் 'வெளியேறு' என்று எழுதிவைத்திருந்தார்கள். இந்தத் தடவை எழுத்துப் பிழை இல்லை.

வீட்டிலும் நிலவரம் நன்றாக இல்லை.

"ஒத்த வார்த்தை வாயத் தொறந்து சொல்லியிருந்தா எங்க அண்ணன் ஜெயிச்சிருக்கும்" என்றாள் பரிபூரணம். "திட்டுறதுக்கு மட்டும் அந்த வாய் வருது."

"விடு பரிபூரணம்" என்றார் சீனிச்சாமி. "மாப்பிள்ளைக்கு ஆயிரம் ஜோலி."

இனி மறைக்கவும் வேண்டாம், கத்தவும் வேண்டாம், நேராக ஊரிடம் சொல்லிவிடுவோம் என்று சங்கரலிங்கம் முடிவு செய்தார். ஆலங்குளம் அணியோடு நடந்த ஆட்டத்தின் இடைவேளையில் மைக்கை வாங்கினார்.

"பெரியோர்களே, ஒண்ணே ஒண்ணு சொல்லிக்கிடுதேன். எனக்கும் மேனேஜருக்கும் எந்தச் சம்பந்தமும் கெடையாது."

"சம்பந்தமில்லாமலா அவுக வீட்டுப் பொண்ணக் கட்டினீரு?" என்று ஒரு குரல் வந்தது. மைதானம் குலுங்கிச் சிரித்தது.

பதற்றத்தில் சங்கரலிங்கம் ஒரு படி மேலே போனார். "அந்த வீட்டோட எனக்கு ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது."

பெண்கள் பக்கத்திலிருந்து பரிபூரணம் எழுந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார். ஆட்டம் முடிந்து, இருட்டிய பிறகு வீட்டுக்குப் போனால் பூட்டியிருந்தது. அண்ணனும் தங்கச்சியும் தலையணையோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஏறிவிட்டதாகப் பக்கத்து வீட்டு வேலுத்தாய் சொன்னாள். சாவியை நீட்டும்போது அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு வாரம் சங்கரலிங்கம் ஓட்டல் சாப்பாடு சாப்பிட்டார். குருசாமி கடையில் டீ கேட்டால், பால் தீர்ந்துவிட்டது என்று பதில் வந்தது. அடுப்பில் பால் பொங்கிக்கொண்டிருந்தது. முடிவெட்டும் கடையில் அவர் போய் உட்கார்ந்ததும் மற்றவர்கள் எழுந்து போனார்கள். இருபது வருஷமாக அவர் உட்கார்ந்து ஆட்டம் பார்த்த இடத்தில் யாரோ முள்ளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதை ஓரமாக இழுத்துப் போடும்போதுதான் அவருக்குக் கண் கலங்கியது.

அந்த நிலையில்தான் செயலாளர் காளிராஜ் ஆள் அனுப்பினார்.

கிளப் அறையில் கமிட்டிக்காரர்கள் ஐந்து பேரும் இருந்தார்கள். காளிராஜ் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். இரண்டு வாரமாகச் சங்கரலிங்கத்துக்கு யாரும் நாற்காலி போட்டதில்லை.

"உக்காருங்க அண்ணாச்சி. உங்க மச்சானுக்குக் கோர்ட்டு தொறந்தாச்சு. சுப்புராஜுக்கு இன்னும் ஆறு வாரம் ஓய்வு வேணுமாம். அதனால நாளையிலேருந்து உங்களை டெம்பரரி மேனேஜராப் போடுறதுன்னு கமிட்டி முடிவு பண்ணிருக்கு. ஒருத்தர்கூட மாத்திச் சொல்லலை."

சங்கரலிங்கம் நாற்காலி நுனிக்கு வந்தார். "என்னையா? ஊரே எம்மேல கோவமா இருக்கே."

"அது எங்களுக்குத் தெரியும்" என்றார் காளிராஜ் அன்பாக. "நீங்க அதப் பத்திக் கவலையே படாதீங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தார். உண்மை எப்படியோ நாலு பேர் கண்ணுக்காவது தெரிந்துவிட்டது என்று நினைத்தார். அடுத்த பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போய்ப் பரிபூரணத்திடம் மன்னிப்புக் கேட்டு, மச்சானிடமும் இரண்டு யோசனை கேட்டுவிட்டு வர வேண்டும்.

வாசலில் வாட்ச்மேன் பக்கீர் முகமது இரண்டு மாட்டு வண்டியிலிருந்து மடக்கு நாற்காலிகளை இறக்கிக்கொண்டிருந்தார். ஏற்கனவே இறக்கியது சுவரோரம் மலை மாதிரி இருந்தது.

"என்ன பாய், இம்புட்டு நாற்காலி? விசேஷமா?"

பக்கீர் முகமது நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

"ஊட்டுக்கு ஊடு டி.வி. வந்த பொறவு இந்தக் கிரவுண்டுக்கு டிக்கெட் எடுத்து நாப்பது பேரு வந்தாப் பெருசு அண்ணாச்சி; உங்க மச்சானப் போட்டதும் திட்டுறதுக்குன்னே அறுநூறு பேரு வந்தாக, உங்களப் போட்டா ஆயிரம் தாண்டும்னு செக்ரட்டரி போன வாரமே நாற்காலிக்குச் சொல்லிட்டாரு."