முதல்ல ஊறப்போட்டது யாரு?

ஜெர்மனில நீங்க எந்த ஊர்ல ரூம் எடுத்தாலும், வாடகை ஒப்பந்தத்துல எழுதாத ஒரு சாமான் கூடவே வரும். ஹீட்டர் வேலை செய்யலாம், செய்யாமப் போகலாம். நெட் வரலாம், வராமப் போகலாம். ஆனா தொள்ளாயிரத்துப் பதினாலுல முதல் உலகப்போர் ஏன் வந்துச்சுன்னு விளக்குற ஒரு ஆள் கண்டிப்பா இருப்பாரு. இந்த இனத்துக்கு நான் வெச்சிருக்கிற பேரு 'பதினாலாம் ஆண்டுக்காரர்'.

நீங்க பார்த்திருப்பீங்க. சத்தியமா பார்த்திருப்பீங்க! ட்ராம் மூணு நிமிஷம் லேட்டுன்னு சும்மா அலுத்துக்குவீங்க, பக்கத்துல ஒரு தொண்டை கனைக்கும். "லேட்டாகாம ஓடின ரயிலாலதாங்க அந்தப் போரையே நிறுத்த முடியாமப் போச்சு." முடிஞ்சது. உங்க ஸ்டாப் போயிடும், அடுத்த ஸ்டாப்பும் போயிடும், நீங்க இன்னும் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்ட சாரயேவோவுல நிப்பீங்க.

இவரைச் சாப்பாட்டு மேஜைல உக்கார வெச்சீங்கன்னா தொலைஞ்சீங்க. உப்பு டப்பாவை எடுத்து நடுவுல வைப்பாரு, அது ஆஸ்திரியா. ஊறுகாய் பாட்டிலை அதுக்குக் கீழ தள்ளுவாரு, அது செர்பியா. தயிர் டப்பா ரஷ்யா, அப்பளத் தட்டு ஜெர்மனி, கெட்சப் பிரான்ஸ், தண்ணி ஜக்குக்கு அந்தப்பக்கம் தனியா நிக்கிற டம்ளர் இங்கிலாந்து, அப்புறம் பாவம் உங்க கையில இருக்கிற சின்ன வடை, அதைப் பிடுங்கி அப்பளத்துக்கும் கெட்சப்புக்கும் நடுவுல வெச்சு "இதுதான் பெல்ஜியம்"னு சொல்லுவாரு. உங்க வடை போச்சு.

"அண்ணா, அந்த உப்பைக் கொஞ்சம்..."

"இரு, ஆஸ்திரியா இன்னும் கெடு விதிக்கல."

ரசத்துக்கு உப்பே இல்லாம நாங்க எத்தனை ஞாயித்துக்கிழமை சாப்பிட்டிருக்கோம் தெரியுமா?

நீங்க ஸ்கூல்ல படிச்ச ஞாபகத்துல, "இளவரசரைச் சுட்டாங்க, அதனால போர் வந்துச்சு"ன்னு வாயைத் திறந்தீங்கன்னா ஒரு சிரிப்பு சிரிப்பாரு பாருங்க, அப்படி ஒரு கருணை! "அது உடனடிக் காரணம்மா. நான் கேக்கிறது அடிப்படைக் காரணம்." அந்த அடிப்படைக்கு அடிப்படை, அதுக்கும் அடிப்படைன்னு தோண்டிக்கிட்டே போவாரு. காரணம் சொல்லவே மூணு மணி நேரம். போர் தொடங்குறதுக்குள்ள எல்லாரும் தட்டு கழுவிட்டுப் போயிடுவாங்க. நாலு வருஷப் போரை அவரு நிலைக்கதவுல நின்னு நாலு மூச்சுல முடிப்பாரு: "பதுங்குகுழி, சேறு, விஷவாயு, பத்து அடி முன்னாடி போக பத்தாயிரம் பேரு, கடல்ல முற்றுகை, இங்க ஜனங்க மாட்டுக்குப் போடுற கிழங்கைத் தின்னாங்க, அமெரிக்கா வந்தது, நவம்பர் பதினொண்ணு காலைல பதினொரு மணிக்கு நிறுத்தினாங்க, குட்நைட்."

இவ்வளவு கிண்டல் பண்றேன். ஆனா ஒண்ணு சொல்லியே ஆகணும். எங்க வீட்டுப் பதினாலாம் ஆண்டுக்காரர் சேஷாத்ரி அண்ணா, இங்க கார்ல்ஸ்ரூஹேல ஆராய்ச்சி பண்றவரு. போன வருஷம் எல்லாருமா கருங்காட்டுப் பக்கம் மலையேறப் போனோம். ஒரு குட்டி கிராமம், சர்ச்சுக்கு வெளியில ஒரு கல்லு. போர்ல செத்தவங்க பேரு. இருபது வீடு இருக்குமா அந்த ஊர்ல? முப்பத்தொரு பேரு. அதுல ஒரே குடும்பப் பேரு மூணு தடவை, பதினாலு, பதினாறு, பதினெட்டுன்னு வருஷம் போட்டு. அண்ணா குல்லாவைக் கழட்டிட்டு நின்னாரு. முப்பத்தொரு பேரையும் ஒவ்வொண்ணாப் படிச்சாரு.  பஸ் வந்துச்சு. ஏறி உக்காந்து கண்ணைத் துடைச்சுக்கிட்டு, "இதோட அடிப்படைக் காரணம் என்னன்னா"ன்னு ஆரம்பிச்சாரு.

அதனால அவரு கெட்டவரு இல்ல. அதைவிட ஆபத்தானவரு. நல்லவரு.

இப்ப போன நவம்பர்ல நடந்ததைக் கேளுங்க. எங்க மாணவர் வீட்டுல மூணாவது மாடில ஹரிப்ரியா, கீழ்த்தளத்துல சிவராமன். ரெண்டு பேரும் ஒரே லேப், ஒரே பேட்ச், நாலு வருஷமா ஒரே சட்னிப் பாத்திரம். ஹரிப்ரியாவுக்கு வெள்ளிக்கிழமை காலைல டாக்டர் பட்டத்துக்கான கடைசி வாய்மொழித் தேர்வு. இங்க ஒரு வழக்கம் இருக்கு: பாஸானவங்கதான் எல்லாருக்கும் விருந்து வைக்கணும். லேப்ல கூட வேலை செய்யறவங்க அட்டைல ஒரு பெரிய தொப்பி செஞ்சு, அதுல அவங்களோட நாலு வருஷத்தையும் ஒட்டி, தலைல வெச்சு விடுவாங்க. ஹரிப்ரியா நாலு வருஷமா லேப் முழுக்க "அன்னிக்கு நான் இட்லி போடுவேன்"னு சொல்லிக்கிட்டு இருந்தா. தொப்பி யாரு செய்யறது? சிவராமன்தான். அதுல பேச்சே இல்ல.

ஆனா அதே வெள்ளிக்கிழமை சாயங்காலம் யூனிவர்சிட்டில பன்னாட்டு விழா, தமிழ் ஸ்டால்ல தோசை, பொறுப்பு சிவராமன். ஊருக்கே ஒரே ஒரு கிரைண்டர். அது சாந்தா அக்காவோடது. அவங்க ஐடில வேலை, எங்க வீட்டுலேர்ந்து நாலு ட்ராம் ஸ்டாப். இதுல சண்டை எங்க வந்துச்சுன்னு கேக்கிறீங்களா? வரவே இல்லைங்க! புதன்கிழமை ஹரிப்ரியாவுக்கு, வியாழக்கிழமை சிவாவுக்குன்னு ரெண்டே நிமிஷத்துல பேசி முடிச்சாச்சு.

செவ்வாய்க்கிழமை அண்ணா மூணாவது மாடிக்கு டீ குடிக்கப் போனாரு.

"ஏன் ப்ரியா, சிவா வியாழக்கிழமை வரைக்கும் பொறுப்பான்னு உனக்கு யாரு எழுதிக் கொடுத்தா?"

"எழுத என்ன இருக்கு அண்ணா? அவனே சொன்னான்."

"பெல்ஜியத்தைத் தொட மாட்டோம்னு எழுதியே கொடுத்திருந்தாங்க, அப்பவும் புகுந்துட்டாங்க." ஒரு வாய் டீ. "இந்தக் குளிர்ல மாவு பொங்க ஒரு நாள் பத்துமா? அவனும் அதைத்தானே யோசிப்பான்? நாளைக்குக் காலைல அவன் ஊறப்போட்டுட்டான்னு வெச்சுக்க. ஊறப்போடுறதுன்னா என்ன தெரியுமா? அணிதிரட்டல். படையை ரயில்ல ஏத்தியாச்சுன்னா இறக்க முடியாது. உளுந்தை ஊறப்போட்டாச்சுன்னா காய வைக்க முடியாது. ஊறின உளுந்தோட ஒருத்தன் வாசல்ல வந்து நின்னா சாந்தாவால இல்லைன்னு சொல்ல முடியுமா?"

ஹரிப்ரியா சிரிச்சா. அப்புறம் சிரிக்கல.

அண்ணா டம்ளரை வெச்சிட்டுக் கீழ்த்தளத்துக்கு வந்தாரு.

"சிவா, மூணாவது மாடில பாத்திரச் சத்தம் பலமா இருக்கே. கவனிச்சியா? நான் ஒண்ணும் சொல்லல. ரஷ்யா கூட முதல்ல கொஞ்சமாத்தான் அணிதிரட்டுறதா இருந்தது."

இதையெல்லாம் கேட்டுக்கிட்டு இருந்த அதே வீட்டு அனுஜன், ஜெர்மனிலயே ஹம்ம்ங்கிற ஊர்ல பிறந்து வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பையன், நொந்து போயிட்டான். "அண்ணை, உதெல்லாம் எங்களுக்குப் பள்ளிக்கூடத்திலை மூண்டு தரம் படிப்பிச்சவை. விட்டிடுங்கோ."

"ஸ்கூல்ல உடனடிக் காரணம்தான் சொல்லுவாங்க தம்பி."

"ஐயோ, அதில்லை அண்ணை. என்ரை பெரிய வாளியை இப்ப ரெண்டு பேரும் கேக்கினம். நான் ஆருக்குக் குடுக்கிறது?"

"நடுநிலையா இரு."

"நடுநிலையா இருந்தா வாளி தப்புமோ?"

அண்ணா யோசிச்சுப் பார்த்தாரு. "தப்பாது."

புதன்கிழமை காலைல எட்டரை மணிக்கு மூணாவது மாடில ஊறப்போட்டாச்சு. எட்டரை மணிக்குக் கீழ்த்தளத்துலயும் ஊறப்போட்டாச்சு. ஆளுக்கு ரெண்டு கிலோ போதும், முன்னெச்சரிக்கையா நாலு. எதிர்ப்பக்கம் நாலுன்னு தெரிஞ்சதும் இன்னும் ஒண்ணரை. ரெண்டாவது மாடித் தெலுங்குப் பசங்க சிவா பக்கம் குக்கரோட சேர்ந்தாங்க, பக்கத்து ரூம் கேரளாப் பொண்ணு ஹரிப்ரியா பக்கம் அண்டாவோட சேர்ந்துச்சு. யாருக்கும் சண்டை வேணாம். எல்லாருக்கும் தற்காப்பு மட்டும்தான். மத்தியானத்துக்குள்ள அந்த வீட்டுல காபி போடக்கூட ஒரு பாத்திரம் இல்ல.

மூணு மணிக்கு ரெண்டு படையும் கிளம்பினாங்க. ஹரிப்ரியா சைக்கிள்ல, முன் கூடைல உளுந்து, பின்னாடி அரிசி. சிவா ட்ராம்ல, வாளியைத் துண்டால மூடிக்கிட்டு. டிக்கெட் செக்கர் வந்து உள்ள என்னன்னு கேட்டிருக்காரு, பதட்டத்துல ஊறுதுங்கிறதுக்கு ஜெர்மன் வார்த்தை வராம, "அரிசி. குளிச்சிக்கிட்டு இருக்கு"ன்னு சொல்லியிருக்கான். செக்கர் மெதுவா அடுத்த பெட்டிக்குப் போயிட்டாராம்.

சாந்தா அக்கா காதுல ஹெட்போனோட கதவைத் திறந்தாங்க. மீட்டிங் ஓடிக்கிட்டிருக்கு. பார்த்தா வாசல் முழுக்க வாளி.

"இது என் நாள்டா."

"உன் நாள்தான். அஞ்சரை கிலோ போட்டா எப்ப ஆட்டி முடிப்ப? தீபாவளிக்கா?"

"நீ ஏன் புதன்கிழமையே ஊறப்போட்ட?"

"நீ போட்டதால!"

"நீ போடுவேன்னுதான் நான் போட்டேன்!"

"ஓஹோ. அப்ப என் வார்த்தைக்கு அவ்வளவுதான் மரியாதையா? சரி. தொப்பியை வேற எவன்கிட்டயாச்சும் செஞ்சுக்க."

 கையோட கழட்டிக் கொண்டு வந்த சைக்கிள் கூடைலேர்ந்து தண்ணி வாசல்ல சொட்டிக்கிட்டு இருந்துச்சு. ஹரிப்ரியாவோட கண்ணு நிரம்பிடுச்சு. இன்னும் ரெண்டே நாள்ல தேர்வு, இந்த ஊர்ல அவளுக்கு அண்ணன் மாதிரி இருந்தவன் இவன் ஒருத்தன்தான். கோவத்துல நேரா உள்ள போனா, உளுந்தைக் கிரைண்டர்ல கொட்டினா. அவன் மேலயே அரிசியைக் கொட்டினான். அவ இன்னும் கொட்டினா. கல்லு ஒரு சுத்து சுத்துச்சு, "ம்ம்ம்"னு ஒரு முனகல், கருகின வாசனை, நின்னு போச்சு. யாரோட சண்டைக்கும் போகாத கிரைண்டர்!

மாடிப்படியில மூச்சு வாங்க ஏறி வந்த அண்ணா, முகமெல்லாம் மலர்ந்து, "நான் சொன்னேன்ல?"ன்னாரு.

சாந்தா அக்கா ஹெட்போனைக் கழட்டினாங்க. ப்ளக்கைப் பிடுங்கினாங்க.

"வாயை மூடிட்டு எல்லாரும் உள்ள வாங்க. மோட்டார் ஆறட்டும். எது யாரு அரிசின்னு இனிமே ஒருத்தரும் கேக்கக் கூடாது. எல்லாம் ஒண்ணா ஆட்டப் போறோம், இட்லிக்கும் அதுதான், தோசைக்கும் அதுதான். அதுவரைக்கும் தேங்காய் துருவுங்க." அண்ணா கையிலயும் ஒண்ணு. "உங்களுக்கும்தான்."

ஆறின மோட்டார் ஓடுச்சு. புதன் சாயங்காலமும் ஓடுச்சு, வியாழன் காலைலயும் ஓடுச்சு. ரெண்டு பேரும் முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்து துருவிக்கிட்டே இருந்தாங்க. வியாழக்கிழமை முழுக்க பதினொரு கிலோ அரிசி உளுந்தோட மாவு சாந்தா அக்கா ஹால்ல ஹீட்டர் பக்கத்துல நின்னுச்சு, வெள்ளிக்கிழமை விடிஞ்சு பார்த்தா எல்லா வாளியும் எல்லை தாண்டிக் கம்பளத்துல பாதி தூரம் முன்னேறியிருந்துச்சு.

ஹரிப்ரியா பாஸ்! தேர்வு ஹாலை விட்டு வெளியில வந்தா. எல்லாரும் கை தட்டறாங்க, அவ கண்ணு மட்டும் கூட்டத்துல தேடுது. லேப் கதவைத் தள்ளிக்கிட்டு சிவா வந்தான். கையில தொப்பி. மூணு அடுக்கு இட்லித் தட்டு, ஒவ்வொரு குழியிலயும் அவளோட அந்த நாலு வருஷத்துலேர்ந்து ஒரு போட்டோ, உச்சியில அட்டைல செஞ்ச குட்டி கிரைண்டர். சுத்துது! பேட்டரி போட்டிருக்கான் படுபாவி.

"புதன்கிழமை ராத்திரியே ஆரம்பிச்சிட்டேன்"ன்னான்.

"பைத்தியம்"ன்னு சொல்லிட்டு அவ அழுதா. நான் அழுதேன். ஹரிப்ரியாவோட புரொபசர் எதுக்குன்னு தெரியாமலே கண்ணைத் துடைச்சிட்டு ஏழு இட்லி சாப்பிட்டாரு, கத்தியால வெட்டி வெட்டி.

இந்த இடத்துல கதையை முடிச்சிடலாம். நம்ம அண்ணா விடுவாரா? எட்டாவது இட்லியோட நடுவுல வந்து நின்னாரு.

"சமாதானம் நல்லதுதான். ஆனா வரலாறுன்னு ஒண்ணு இருக்கு. ஒரு கேள்வி: முதல்ல ஊறப்போட்டது யாரு?"

தட்டெல்லாம் அப்படியே நின்னுச்சு.

"நான் எட்டரைக்குப் போட்டேன்" ஹரிப்ரியா, தொப்பி ஆட ஆட. "இவன் போடப் போறான்னு கேள்விப்பட்டு."

"நானும் எட்டரைக்குத்தான். இவ ஆரம்பிச்சிட்டான்னு கேள்விப்பட்டு."

"உனக்கு யாருடா சொன்னது?"

"உனக்கு யாரு சொன்னது?"

ரெண்டு தலையும் மெதுவாத் திரும்புச்சு. தொப்பிமேல கிரைண்டரும் கூடவே திரும்புச்சு. அனுஜன் தன்னோட வாளியைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு, "அப்ப நீங்கள்தானோ அண்ணை?"ன்னான்.

சேஷாத்ரி அண்ணா இட்லியை முழுங்கினாரு. சட்னியைத் துடைச்சாரு. "காரணங்கள் ரொம்பச் சிக்கலானவைப்பா. ஒரே ஒரு ஆள் மேல பழி போடுறது வரலாற்றுப் பார்வையே இல்ல."

எனக்கு அவரு மேல கோவமே வரலைங்க, சிரிச்சு சிரிச்சு வயிறு வலிச்சது. நீங்களும் ஜாக்கிரதையா இருங்க. "நானா? நான் அந்த மாதிரி ஆளு இல்லவே இல்ல"ன்னு நீங்க சொல்லிக்கிட்டே, எட்டரைன்னா மூணாவது மாடிக் கடிகாரம் சரியா ஓடுதான்னு கதையில ஒரு தடவை மேல போய்ப் படிச்சுப் பார்த்தீங்கல்ல? தெலுங்குப் பசங்க சேர்ந்ததுதான் திருப்புமுனைன்னு பக்கத்துல இருக்கிறவங்ககிட்டச் சொல்ல வாயெடுத்தீங்கல்ல?

அந்த உப்பு டப்பாவை மெதுவா இருந்த இடத்துல வைங்க பார்ப்போம்.