மாமனாருக்கு ஒரு தனி வீடு

"கதவு பத்தாது மாப்பிள்ளை," என்றார் மாமனார், வரைபடத்தில் விரலை ஊன்றி. "இன்னும் ஓரடி உசத்துங்க."

மாப்பிள்ளை அவரை ஏற இறங்கப் பார்த்தார். ஏறுவதற்கு அங்கே அதிகம் இல்லை. மாமனார் அவர் தோளுக்குக் கீழேயே முடிந்துவிடுவார்.

"உசத்திடலாம் மாமா."

ஏன் என்று கேட்கவில்லை. கடைகளுக்கு அலமாரியும் மேசையும் வரைந்து கொடுப்பது அவர் தொழில். வாடிக்கையாளரிடம் என்ன வேண்டும் என்று கேட்கலாம், ஏன் என்று கேட்டால் வேலை கைநழுவிவிடும் என்பது அவர் கட்சி. இதுவோ நழுவவே கூடாத வேலை. ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பெட்டியோடு வந்த மாமனார், இரண்டு வருஷமாக மாப்பிள்ளையின் வேலை அறையில்தான் குடியிருக்கிறார். மாப்பிள்ளை வரைவதெல்லாம் சாப்பாட்டு மேசையில். போன மாதம் ஒரு மருந்துக்கடையின் வரைபடம் எண்ணெய்க் கறையோடு போய்ச் சேர்ந்தது. கடைக்காரர் கறையை ஜன்னல் என்று நினைத்து, ரொம்பப் பெரிதாக இருக்கிறதே என்று கேட்டார்.

அன்றைக்கே மாப்பிள்ளை கங்கணம் கட்டிக்கொண்டார். அறையை மீட்டே தீருவது! ஆனால் பெண் கொடுத்தவரிடம் வெளியே போங்கள் என்று முகத்துக்கு நேரே சொல்ல முடியுமா? நாசூக்காகத்தான் ஆரம்பித்தார்.

"கொல்லையில தனியா ஒரு வீடு கட்டலாம்னு இருக்கேன் மாமா. தொந்தரவில்லாம அமைதியா இருக்கும். என்னென்ன வசதி வேணும்னு நீங்களே சொல்லுங்க."

மாமனாரின் முகம் மலர்ந்துவிட்டது. "நானே சொல்லணும்னு இருந்தேன் மாப்பிள்ளை! எப்படி ஆரம்பிக்கிறதுன்னுதான் தயக்கமா இருந்தது."

இவ்வளவு சுலபமா என்று மாப்பிள்ளைக்குத் தலைகால் புரியவில்லை.

கதவு உயர்ந்தது. கதவுக்காகக் கூரை உயர்ந்தது. கூரை, பக்கத்து வீட்டு ஜன்னலை மறைத்தது. பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் தலையை நீட்டிச் சண்டை பிடித்தார். சரி, தரையைத் தாழ்த்தலாம் என்று பள்ளம் வெட்டினால், முதல் மழையிலேயே அது குளமாகிவிட்டது. குளத்தை மூடிவிட்டு வீட்டை மதிலிலிருந்து தள்ளிப் போட்டார். ஸ்கூட்டர் கொட்டகை இருந்த இடம் அது. ஸ்கூட்டர் கூடத்துக்கு வந்தது.

அடுத்து மாமனார் சொன்னார்: "அறை இன்னும் நீளமா இருக்கட்டும். ஏழடிக் கட்டில் போடணும்."

மாமனார் படுத்தால் ஏழடிக் கட்டிலில் பாதி வாடகைக்கு விடலாம். மாப்பிள்ளை சுவரை நகர்த்தினார்.

கொத்தனார் தலையைச் சொறிந்தார். "சார், இப்படிக் கட்டினா செப்டிக் டேங்க் மூடி அறைக்குள்ள வந்துடும். சுத்தம் பண்ண வர்றவங்க கட்டிலைத் தூக்கிட்டுத்தான் திறக்கணும்."

"வேற பக்கம் நகர்த்துங்க!"

வேறு பக்கம் நகர்த்தியதில் துணி காயப்போடும் கொடி போயிற்று. ஈரத் துணிகளும் கூடத்துக்கு வந்தன. மாப்பிள்ளை ஒரு போர்வைக்குக் கீழே உட்கார்ந்து, சொட்டச் சொட்ட வரைந்தார்.

"சுவர் நல்ல தடிமனா இருக்கணும் மாப்பிள்ளை," என்றார் மாமனார். "உள்ளே எப்பேர்ப்பட்ட குறட்டை விட்டாலும் வெளியே கேட்கவே கூடாது."

மாப்பிள்ளையின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள். மாமனார் தூங்கினால் மூச்சு வருகிறதா என்று கிட்டே போய்த்தான் பார்க்க வேண்டும். வயதாகிறதே, முன்னேற்பாடு போலிருக்கிறது என்று மாப்பிள்ளை தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார்.

சுவர் தடித்தது. அறை சுருங்கியது. அறையை மறுபடி நீட்டியதில் கொல்லையில் மிச்சமிருந்த குழாயடியும் காலி.

"என்னங்க, இதோட விட்டுடக் கூடாதா?" என்றாள் மனைவி. "கொல்லையே போச்சே!"

"கொல்லை போனா போகட்டும். முடிக்காம ஓய மாட்டேன்!"

ஓயவில்லை. ஒருவழியாக வீடு எழும்பியது. மாமனார் உள்ளே போய்ச் சுவரைத் தட்டிப் பார்த்தார், கதவைத் திறந்து மூடினார், கண் கலங்கினார்.

"ஒரு குறையும் சொல்ல முடியாது. மகன் இருந்தாக்கூட இப்படி நான் சொன்னதையெல்லாம் கேட்டிருக்க மாட்டான்."

மாப்பிள்ளைக்கும் நெஞ்சு இளகிவிட்டது. இவ்வளவு நல்ல மனிதரையா வெளியே தள்ளுகிறோம் என்று உறுத்தியது. மீட்கப்போகும் அறையில் மேசையை எந்தப் பக்கம் போடலாம் என்ற யோசனை வரும்வரை உறுத்தியது.

குடிபோகும் நாள் காலை. வெற்றிக் களிப்போடு தன் கட்டிலில் காலை நீட்டிச் சாய்ந்திருந்தார் மாப்பிள்ளை. சாமான் தூக்கும் ஆள் கயிற்றோடு உள்ளே வந்தார்.

"பெரியவர் அறை அந்தப் பக்கம்பா," என்று மாப்பிள்ளை தாராளமாகக் கை காட்டினார். "பார்த்து, பதமாத் தூக்குங்க."

அந்த ஆள் நகரவில்லை. கட்டிலை ஒரு முறை பார்த்தார், அதில் கிடந்தவரை ஒரு முறை பார்த்தார்.

"பெரியவர் சாமான் எதுவும் அசையாதுங்க சார். இந்தக் கட்டிலும் இதுல படுக்கிறவரும்தான் பின்னாடி போகணும்னு சொன்னாரு, கொஞ்சம் எந்திரிக்கிறீங்களா?"