மச்சான் ஈமெயிலை வெட்டிய கதை

எனக்கு வளவளப் பேச்சு ஆகாது. அந்தக் குணத்தால் சொந்தத் தங்கை கணவனின் வேலைக்கே உலை வைத்தவன் நான்.

தொண்ணூறுகளின் நடுவில் பெட்டாலிங் ஜெயாவில் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தேன். தங்கை சாந்தியின் கணவன் குணாவையும் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஆறு மாதம் பார்த்துத்தான் நிரந்தரம். கிள்ளானில், வாடிக்கையாளரின் கிடங்கிலேயே உட்கார்ந்து வேலை. புரோகிராமில் எதைத் திருத்தினாலும் எனக்கு ஈமெயிலில் அனுப்புவான். அதை நான் ஆபீஸ் கம்ப்யூட்டரில் சேர்த்து, யார் திருத்தியது, ஏன் என்று பதிவில் எழுத வேண்டும்.

பயல் ஈமெயிலையும் கடிதம் மாதிரிதான் எழுதுவான். “மச்சான், சாப்பிட்டாச்சா? அத்தைக்கு முட்டி வலி தேவலையா?” பிறகு காரணம். கடைசியில் திருத்தம். ஒருமுறை அம்மாவின் முட்டி வலி அப்படியே பதிவில் ஏறிவிட்டது. ஆபீஸே சிரித்தது. கோபத்தில் ஒரு குட்டி புரோகிராம் எழுதினேன். திருத்தத்துக்கு மேலே இருப்பதையெல்லாம் அது வெட்டிவிடும். காரணம் என்ற இடத்தில் ‘அப்டேட்’ என்று போடும். என் கம்ப்யூட்டர் என்பதால் பெயரும் என் பெயரே விழுந்தது. (அது எனக்கு உறைக்கவே இல்ல. அவ்வளவு அறிவு.) ஈமெயில்களையும் அழித்துவிட்டேன்.

ஆறாம் மாதம் மேனேஜர் பதிவை அச்செடுத்து மேசையில் போட்டார்.

“உன் மச்சான் பேரு ஒரு எடத்துலகூட இல்ல. இத்தன மாசம் அங்க என்னா செஞ்சான்? நாளைலேருந்து வர வேணாம்னு சொல்லிரு.”

சாந்தி எட்டு மாதக் கர்ப்பிணி. அவசரமாகச் சொன்னேன்:

“எல்லாம் அவன் செஞ்சதுதான் சார்.”

“அப்ப உன் பேரு ஏன் இருக்கு?” ஒரு வரியைத் தொட்டார். “சரி, இங்க புரோகிராம் எடையில எதுக்குக் கழிக்கிது?”

“அப்டேட் சார்,” என்றேன். சத்தியமாக அதைத்தான் சொன்னேன்.

அவர் கிள்ளானுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரை அழுத்தினார். நான் பேச ஆரம்பித்ததுமே குணா கத்தினான்: “மச்சான்! சாப்பிட்டாச்சா?”

கேள்வியைக் கேட்டேன்.

“அதுவா? லோரிலேருந்து எறக்குற மூட்டைய மரப்பலகையோட சேத்து நிறுக்கிறாங்க லா. பலகை எடைய கழிக்கணும். எழுதி அனுப்பினேனே, படிக்கலையா மச்சான்?”

மேனேஜர் பக்கம் பக்கமாகக் கேட்டார். அவனிடம் ஒவ்வொன்றுக்கும் காரணம் இருந்தது. என்னிடம் ‘அப்டேட்’ மட்டும்தான் இருந்தது.

அவன் வேலை தப்பியது. நான் ஒரு வாரம் அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, ஒவ்வொரு திருத்தத்துக்கும் பெயரும் காரணமும் திரும்ப எழுதினேன்.

குணா மறந்துவிட்டான். சாந்தி மறக்கவில்லை. இன்றும் நண்டுக் கறி கொடுத்தனுப்பினால் டப்பா மூடியில் ஒரு சீட்டு இருக்கும்: “சமைச்சது சாந்தி. காரணம், அண்ணனுக்குப் பிடிக்கும். வெட்டாதீங்க.”

டப்பாவைக் கழுவி அனுப்பும்போது நானும் ஒரு சீட்டு ஒட்டுகிறேன்: “மச்சான், சாப்பிட்டாச்சு.”